அறைக்குள் கரியடுப்பு கொடுப்போருக்கு

கொடைக்கானல், ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, ஏற்காடு, வால்பாறை போன்ற மலையூர்களில் லாட்ஜ், காட்டேஜ், ஹோம்ஸ்டே, டென்ட் நடத்தும் உரிமையாளர்களுக்கும் மேலாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்.

மனித ரத்தத்தின் சிவப்பணுக்களில் நிறைந்திருக்கும் புரதம் ஹீமோகுளோபின். அதன் ஒவ்வொரு மூலக்கூறிலும் நான்கு இரும்பு அணுக்கள் உண்டு. நுரையீரலில் அவை ஆக்சிஜனைப் பற்றிக்கொள்கின்றன. மூளைக்கும் இதயத்துக்கும் தசைக்கும் போய்ச் சேர்ந்ததும் விட்டுவிடுகின்றன. கார்பன் மோனாக்சைடு அதே இரும்பு அணுக்களில் போய் உட்காரும் வாயு. ஆக்சிஜனைவிட 200 முதல் 250 மடங்கு வலுவாக அது ஒட்டும். அப்படி அது ஒட்டிய ஹீமோகுளோபினுக்குக் கார்பாக்சிஹீமோகுளோபின் என்று பெயர். குளிர் தாங்கவில்லை என்று விருந்தினர் கேட்டதும் நீங்கள் அறைக்குள் அனுப்பும் கும்மட்டி அடுப்பு, வாசலில் பார்பிக்யூ முடிந்த பிறகு ‘வெறும் கங்குதானே’ என்று உள்ளே எடுத்துப்போக நீங்கள் விடும் தட்டு, இரண்டும் அவருடைய ரத்தத்தில் உண்டாக்குவது இதைத்தான்.

கொடுத்தவருக்குக் கெட்ட எண்ணம் கிடையாது. கேட்டவருக்கும் விஷயம் தெரியாது. ஆனாலும் இந்த மடல் கேட்டவருக்கு எழுதப்படவில்லை, கொடுக்கும் உங்களுக்கு எழுதப்படுகிறது. விருந்தினரால் இந்த வாயுவிடமிருந்து தன்னைக் காத்துக்கொள்ள முடியாது என்பதே காரணம். ஏன் முடியாது என்பது ரத்தத்தில் நடப்பதைப் பார்த்தால் விளங்கும்.

காற்றில் ஆக்சிஜன் 21 விழுக்காடு. கார்பன் மோனாக்சைடின் பிடி சுமார் 230 மடங்கு வலுவானது என்று கொண்டால், ஆக்சிஜனின் அளவில் 230இல் ஒரு பங்கு இருந்தாலே அது ஆக்சிஜனோடு சரிக்குச் சமமாகப் போட்டியிடும். அந்த ஒரு பங்கு 0.09 விழுக்காடு. அதாவது, ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இந்த வாயு கலந்த காற்றைப் பல மணி நேரம் சுவாசிப்பவரின் ஹீமோகுளோபினில் பாதி ஆக்சிஜனுக்குப் பயன்படாமல் போகும். கேடு அதோடு நிற்பதில்லை. நான்கு இடங்களில் ஒன்றிரண்டில் கார்பன் மோனாக்சைடு உட்கார்ந்துவிட்டால், மற்ற இடங்களில் இருக்கும் ஆக்சிஜனையும் ஹீமோகுளோபின் எளிதில் விடாது. ரத்தத்தில் ஆக்சிஜன் இருக்கும், ஆனால் திசுவுக்கு இறங்காது. ரத்தசோகையால் ஹீமோகுளோபின் பாதியாகக் குறைந்த ஒருவர் களைப்போடாவது நடமாடுகிறார். பாதி ஹீமோகுளோபினைக் கார்பன் மோனாக்சைடிடம் இழந்தவர் நினைவிழந்து விழுகிறார். வேறுபாடு இங்கிருந்து வருகிறது.

இந்தக் கணக்கை உங்கள் அறைக்குப் போட்டுப் பாருங்கள். பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு அடி, உயரம் ஒன்பது அடி என்றால் அறையின் கொள்ளளவு ஏறக்குறைய 37 கன மீட்டர். அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு 37 லிட்டர். 12 கிராம் கார்பன் முழுவதும் கார்பன் மோனாக்சைடாக மாறினால் அறை வெப்பத்தில் சுமார் 24 லிட்டர் வாயு வரும். ஆகவே உங்கள் அறைக் காற்றை உயிர்போகும் அளவுக்குக் கெடுக்க, 20 கிராமுக்கும் குறைவான கரி இந்த வாயுவாக மாறினால் போதும். நீங்கள் கொடுத்தனுப்புவதோ ஒரு கிலோ, இரண்டு கிலோ. கரியடுப்பில் எரியும் கார்பனில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குக் கார்பன் மோனாக்சைடாகவே வெளியேறுகிறது என்பதையும் சேர்த்துக்கொண்டால், ஓர் அடுப்புக் கரி எத்தனை அறைக்குப் போதுமானது என்பது தெரியும்.

இதுவும் சமவெளிக் கணக்குதான். கொடைக்கானல் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரத்திலும் ஊட்டி சுமார் 2,200 மீட்டர் உயரத்திலும் உள்ளன. அங்கே காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குக்கும் சற்றுக் குறைவு. நுரையீரலுக்குள் ஆக்சிஜனின் அழுத்தமும் அதற்கேற்பக் குறைவு. போட்டியில் ஆக்சிஜன் முன்பே பின்தங்கியிருக்கிறது. சென்னையிலிருந்தோ மதுரையிலிருந்தோ நேற்று ஏறிவந்தவரின் உடல் அந்த உயரத்துக்கு இன்னும் பழகியிருக்காது. மலையூரில் கரியடுப்பு சமவெளியைவிட ஆபத்தானது. ஆனால் அது கேட்கப்படுவதும் கொடுக்கப்படுவதும் மலையூரில்தான்.

‘விறகு கொடுத்தால் புகையும், கரியில் புகையே இல்லை’ என்று உங்களில் பலர் சொல்வதுண்டு. நல்லெண்ணத்தோடு சொல்லப்படும் இந்தப் பேச்சு பல உயிர்களைக் குடித்திருக்கிறது. விறகுப் புகை கண்ணை எரிக்கும், இருமவைக்கும், தூங்குபவரை எழுப்பிவிடும். கரியில் அந்த எரிச்சல்கள் எல்லாம் முன்பே நீங்கிவிட்டன. பெரும்பாலும் கார்பன் மட்டுமே மிச்சம். அடுப்பின் அடியில் காற்று படும் இடத்தில் கரி எரிந்து கார்பன் டை ஆக்சைடு உண்டாகிறது. அது மேலே சிவந்து கிடக்கும் கரியின் ஊடாகப் போகும்போது கார்பன் மோனாக்சைடாக மாறுகிறது. நன்றாகப் பிடித்த கரியின் மேல் நீலச் சுடர் ஆடுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த வாயு எரிவதுதான் அந்தச் சுடர். சுடர் அடங்கி, நீறு பூத்த கங்காகிவிட்டதும் ‘இனி பயமில்லை’ என்று உள்ளே எடுத்துவைக்கிறார்கள். சுடர் அடங்கியது என்றால் வாயு நின்றுவிட்டது என்று பொருளில்லை. எரியாமல் அப்படியே அறைக்குள் வருகிறது என்றுதான் பொருள்.

இந்த வாயு ரத்தத்தைப் பற்றுகிறது என்பது புதிய கண்டுபிடிப்பு இல்லை. பிரெஞ்சு உடலியலாளர் குளோத் பெர்னார் 1850களிலேயே அதைக் காட்டினார். பிரிட்டனின் ஜான் ஸ்காட் ஹால்டேன் 1895இல் இந்த வாயுவைத் தானே சுவாசித்து, தன் ரத்தத்தை இடையிடையே சோதித்து, என்ன ஆகிறது என்று எழுதிவைத்தார். ஹீமோகுளோபினில் பாதிக்கும் மேல் பறிபோகும்வரை அந்தச் சோதனையைக் கொண்டுபோனார். அந்தக் கட்டத்தில் அவரால் சரியாக நிற்கவும் முடியவில்லை. மறு ஆண்டு வேல்ஸில் டைலர்ஸ்டவுன் நிலக்கரிச் சுரங்கம் வெடித்து 57 பேர் இறந்தபோது, பெரும்பாலோரைக் கொன்றது வெடிப்பு இல்லை, வெடிப்புக்குப் பின் சுரங்கத்தில் பரவிய கார்பன் மோனாக்சைடே என்று காட்டியவரும் அவரே. சுரங்கத்துக்குச் சுண்டெலியையோ சிறு பறவையையோ எடுத்துச் செல்லும் யோசனை அவருடையது. சிறு உயிர்களின் உடலில் எல்லாம் வேகமாக நடப்பதால் அவை மனிதனுக்கு முன்பே சாயும். மனிதன் தப்பிக்க நேரம் கிடைக்கும். பிரிட்டன் சுரங்கங்களில் கேனரிப் பறவைகள் 1986வரை இந்த வேலையில் இருந்தன. மனித உடல் தனக்குத்தானே எச்சரிக்கை செய்யாது என்பதை அன்றைய சுரங்க நிர்வாகங்கள் ஒப்புக்கொண்டதன் அடையாளம் அந்தப் பறவை. உங்கள் அறைகளில் அதற்கு ஈடாக எதுவும் இல்லை.

உடல் ஏன் எச்சரிப்பதில்லை? மூச்சு முட்டும்போது எழும் தவிப்பை நாம் எல்லோரும் அறிவோம். அந்தத் தவிப்பு பெரும்பாலும் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு கூடுவதால் வருவது. கழுத்துத் தமனியில் ஆக்சிஜனைக் கண்காணிக்கும் சிறு உறுப்புகளும் இருக்கின்றன. அவை ரத்த நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனின் அழுத்தத்தைத்தான் பார்க்கின்றன, ஹீமோகுளோபினில் ஏறியிருக்கும் ஆக்சிஜனின் அளவை இல்லை. கார்பன் மோனாக்சைடு நஞ்சேறியவரின் ரத்தத்தில் கரைந்த ஆக்சிஜன் குறைவதில்லை. கார்பன் டை ஆக்சைடும் கூடுவதில்லை, நுரையீரல் வழக்கம்போல் அதை வெளியேற்றிக்கொண்டே இருக்கிறது. அதனால் மூச்சு திணறாது. ‘திணறினால் எழுந்து கதவைத் திறந்துவிடுவார்கள்’ என்று நீங்கள் நம்பினால், நடக்காத ஒன்றை நம்புகிறீர்கள்.

நடப்பது வேறு. முதலில் தலைவலி, நெற்றியில் இறுக்கிப் பிடித்ததுபோல். பிறகு தலைசுற்றல், குமட்டல், வாந்தி, கைகால் தளர்ச்சி. ஹீமோகுளோபினில் பத்து, இருபது விழுக்காட்டை இந்த வாயு பிடிக்கும்போதே இவை தொடங்கும். முப்பது, நாற்பதைத் தாண்டினால் குழப்பம், பார்வை மங்கல், நடை தள்ளாட்டம். அதற்கும் மேல் வலிப்பு, நினைவிழப்பு, இறப்பு. எந்த அளவில் எவருக்கு என்ன வரும் என்று கோடு போட்டுச் சொல்ல முடியாது. எவ்வளவு நேரம் சுவாசித்தார், இதயம் எப்படி இருக்கிறது என்பதைப் பொறுத்து மாறும். ஆனால் வரிசையைக் கவனியுங்கள். ஆபத்தை ஆபத்து என்று அறிய வேண்டிய மூளை முதலிலேயே மங்குகிறது. எழுந்திருக்க வேண்டும் என்று தோன்றும் நேரத்தில் கால் வராது. தூங்கியவருக்கு அந்த எண்ணமே வராது. தூக்கத்தோடு மதுவும் சேர்ந்திருந்தால் கேட்கவே வேண்டாம்.

விழித்திருப்பவர்களும் தப்பாகவே புரிந்துகொள்கிறார்கள். மலையேறிவந்தவருக்குத் தலை சுற்றினால் கொண்டை ஊசி வளைவின் மேல் பழி. வாந்தி என்றால் ராத்திரி சாப்பிட்ட பரோட்டாவின் மேல். தள்ளாடினால் ‘ஏற்றிக்கொண்டார்’ என்று உங்கள் அறைப் பையன் சிரித்துவிட்டுப் போவான். ஓர் அறையில் இருப்பவர்களில் இரண்டு மூன்று பேருக்கு ஒரே நேரத்தில் தலைவலியும் குமட்டலும் வந்தால், வெளியே வந்து நின்றதும் தேவலை என்று சொன்னால், திரும்ப உள்ளே போனதும் மறுபடி வந்தால், அது சாப்பாட்டுக் கோளாறு இல்லை. இந்த ஒன்றை மட்டுமாவது உங்கள் ஆட்கள் எல்லோருக்கும் சொல்லிவைக்க வேண்டும்.

கோவிட் காலத்தில் வாங்கிய பல்ஸ் ஆக்ஸிமீட்டர் இப்போதும் பல ரிசப்ஷன் மேசைகளின் இழுப்பறையில் கிடக்கிறது. இந்த இடத்தில் அது உதவாது. உதவாதது மட்டுமில்லை, ஏமாற்றும். விரலில் மாட்டும் சாதாரணக் கருவி இரண்டு அலைநீள ஒளியை வைத்து ரத்தத்தின் நிறத்தைப் பார்க்கிறது. கார்பன் மோனாக்சைடு ஏறிய ஹீமோகுளோபினும் ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபினும் அதன் சிவப்பு ஒளிக்கு ஏறக்குறைய ஒன்றாகவே தெரியும். மயங்கிக் கிடப்பவரின் விரலில் மாட்டினாலும் 98 என்று காட்டும். ‘ஆக்சிஜன் நார்மல், தூங்கட்டும்’ என்று போர்த்திவிட்டு வருவார்கள். உண்மையான அளவைச் சொல்லக்கூடியது மருத்துவமனையில் ரத்தம் எடுத்துக் கோ-ஆக்ஸிமீட்டரில் பார்க்கும் சோதனை. ‘உடம்பு செக்கச்செவேலென்று ஆகும்’ என்று சிலர் கேள்விப்பட்டிருப்பார்கள். அந்தச் செம்மை பெரும்பாலும் இறந்தவர் உடலில் பார்ப்பது. உயிரோடிருப்பவரிடம் அதைத் தேடிக்கொண்டிருந்தால் காலம் கடந்துவிடும்.

உங்களிடம் வருபவர்கள் எல்லோரும் திடமான இளைஞர்கள் இல்லை. இதயத் தமனி அடைப்பு உள்ளவருக்கு ரத்தத்தில் 2 முதல் 4 விழுக்காடு ஏறினாலே, கொஞ்சம் நடக்கும்போது வரும் நெஞ்சுவலி வழக்கத்தைவிட முன்னதாக வந்துவிடும். குழந்தைகள் வேகமாக மூச்சு விடுபவர்கள், அதனால் வேகமாக நஞ்சேறும். கர்ப்பிணியின் நிலை தனியாகச் சொல்லப்பட வேண்டியது. வயிற்றில் உள்ள சிசுவின் ஹீமோகுளோபின் இந்த வாயுவை இன்னும் இறுக்கமாகப் பிடிக்கும். தாயின் ரத்தத்திலிருந்து அது இறங்கிய பிறகும் சிசுவின் ரத்தத்திலிருந்து இறங்க அதிக நேரம் எடுக்கும். தாய் தலைவலியோடு எழுந்துவிடலாம், உள்ளே இருக்கும் உயிர் பிழைக்காமல் போகலாம். தேனிலவுக்கும் ‘பேபிமூன்’ என்ற பெயரிலும் அறை விற்பவர்கள் இதை அறிந்திருப்பது நல்லது. புகைபிடிப்பவர் ரத்தத்தில் எப்போதுமே 3 முதல் 10 விழுக்காடு வரை இந்த வாயு இருக்கும் என்பதால் அவர் பாதி வழியிலேயே நிற்கிறார். புகைபிடிக்காதவருக்கு அது 2 விழுக்காட்டுக்குள். பழைய ஹீமோகுளோபின் சிதையும்போது உடலே கொஞ்சம் உண்டாக்கிக்கொள்வதால் யாருக்கும் அது பூஜ்யமாக இருப்பதில்லை. உலக சுகாதார நிறுவனம் எட்டு மணி நேரத்துக்கு ஒரு கன மீட்டர் காற்றில் 10 மில்லிகிராம் என்று எல்லை வைத்தது இந்த 2 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்பதற்காகத்தான். இந்தியாவின் திறந்தவெளிக் காற்றுத் தரம் அதே எட்டு மணி நேரத்துக்கு 2 மில்லிகிராம்தான். மேலே கணக்குப் பார்த்த அறையில் அது ஆயிரத்தைத் தாண்டியிருக்கும்.

விடியும்போது உயிரோடு இருந்தால் பிழைத்துவிட்டார் என்றும் எடுத்துக்கொள்ள முடியாது. இந்த வாயு ஹீமோகுளோபினோடு நிற்காமல் இதயத் தசையின் மயோகுளோபினையும், செல்லுக்குள் ஆற்றல் உண்டாக்கும் நொதியையும் பற்றுகிறது. மூளையில் அழற்சியைக் கிளப்புகிறது. மருத்துவமனையிலிருந்து தெளிவாக வீடு திரும்பியவருக்குச் சில நாள், சில வாரம் கழித்து மறதி, கவனக்குறைவு, குணமாற்றம், நடையில் தடுமாற்றம் என்று வரத் தொடங்கும். அமெரிக்காவில் லிண்டெல் வீவரும் குழுவினரும் நடத்தி 2002இல் வெளியிட்ட ஆய்வில், வழக்கமான ஆக்சிஜன் சிகிச்சை பெற்றவர்களில் 46 விழுக்காட்டினருக்கு ஆறு வாரம் கழித்து நினைவாற்றல், சிந்தனை சார்ந்த குறைகள் இருந்தன. அழுத்த அறைக்குள் வைத்து ஆக்சிஜன் கொடுக்கப்பட்டவர்களிடம் அது 25 விழுக்காடு. உங்கள் பதிவேட்டில் ‘செக் அவுட்’ என்று எழுதி முடிந்துபோன விருந்தினர் ஒருவர் அடுத்த மாதம் தன் வேலையைச் செய்ய முடியாமல் உட்கார்ந்திருக்கலாம். அதற்கும் உங்கள் கரியடுப்புக்கும் உள்ள தொடர்பு அவருக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது.

கரியடுப்பு ஒன்றுதான் வழி என்று நினைத்துவிடக் கூடாது. எரிபொருள் எதுவானாலும் காற்று போதாமல் எரிந்தால் இந்த வாயு வரும். 2020 ஜனவரியில் நேபாளத்தின் தாமன் என்ற மலையூரில், கேரளத்திலிருந்து சுற்றுலா சென்ற எட்டுப் பேர் ஒரே விடுதி அறையில் இறந்தார்கள். அவர்களில் நான்கு பேர் குழந்தைகள். அறையில் இருந்தது கேஸ் ஹீட்டர். தாமனும் கொடைக்கானலைப் போல 2,000 மீட்டருக்கு மேற்பட்ட உயரம். 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில் சாலையோரம் நின்ற கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்துகிடந்தார்கள். ஓடிக்கொண்டிருந்த ஜெனரேட்டரின் வாயு வண்டிக்குள் கசிந்ததே காரணம் என்று விசாரணையில் தெரிந்தது. கொடைக்கானலில் பார்பிக்யூ கரியை அறைக்குள் வைத்துத் தூங்கிய இளைஞர்கள் இறந்த செய்தியை உங்களுக்கு யாரும் நினைவூட்ட வேண்டியதில்லை. ஒவ்வொரு முறையும் சில நாள் பேச்சு இருக்கும். அடுத்த உறைபனிக்கு மறுபடி கரி மூட்டை வந்து இறங்கும்.

உங்கள் குளியலறைகளில் இருக்கும் கேஸ் கீசரும் இதே கணக்கில் வரும். சிறிய அறை, மூடிய கதவு, சுவரிலேயே எரியும் பர்னர். எரிய எரிய அறையின் ஆக்சிஜன் குறைகிறது. குறையக் குறைய எரிவது அரைகுறையாகி கார்பன் மோனாக்சைடு கூடுகிறது. குளிக்கப்போனவர் வலிப்பு வந்து விழுந்தார் என்று மருத்துவமனைக்கு வருவதும், வலிப்பு நோய் என்று மாத்திரை எழுதப்படுவதும் இந்திய மருத்துவர்கள் மருத்துவ இதழ்களில் பதிவுசெய்திருக்கும் அனுபவம். பழைய ஆங்கிலேயர் காலத்து பங்களாக்களை வாடகைக்கு விடுபவர்களுக்கு வேறொரு கவலை இருக்க வேண்டும். அங்கே கணப்பு எரிவது புகைபோக்கியை நம்பித்தான். ஆண்டுக்கணக்கில் துப்புரவு செய்யாத புகைபோக்கியில் பறவைக் கூடும் காரையும் அடைத்துக்கொண்டால் வாயு திரும்ப அறைக்குள்தான் வரும். பிரெஞ்சு எழுத்தாளர் எமில் சோலா 1902இல் பாரிஸில் தன் வீட்டுப் படுக்கையறையில் இறந்தது இப்படி அடைபட்ட புகைபோக்கியால்தான்.

விருந்தினர் அறையைவிட மோசமான இடம் ஒன்று உங்கள் வளாகத்திலேயே இருக்கிறது. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. சமையலறைக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் படுக்கும் உங்கள் வேலையாட்கள், பார்க்கிங்கில் வண்டிக்குள்ளேயே தூங்கும் டிரைவர்கள். விருந்தினருக்குக் கம்பளியும் ஹீட்டரும் உண்டு. இவர்களுக்கு மீதமான கங்குதான் கணப்பு. இடுக்குகளை எல்லாம் சாக்கு வைத்து அடைத்துவிட்டு, சட்டியில் கங்கை நடுவில் வைத்துச் சுற்றிப் படுக்கிறார்கள். டிரைவர் கண்ணாடியை ஏற்றிவிட்டு எஞ்சினை ஓடவிட்டுத் தூங்குகிறார். பல மாநிலங்களிலிருந்து வந்து வேலை செய்யும் இவர்களில் பெரும்பாலோருக்கு இந்த மலைக்குளிர் புதிது. நீலகிரியின் தேயிலைத் தோட்டக் குடியிருப்புகளில் கரி மூட்டித் தூங்கியவர்கள் இறந்த செய்திகள் குளிர்காலத்தில் வருகின்றன. ஒரு பத்தியில் முடிந்துவிடுகின்றன.

‘ஜன்னலைத் திறந்துவைக்கச் சொல்லித்தான் கொடுத்தோம்’ என்பது ஒவ்வொரு சாவுக்குப் பின்னும் சொல்லப்படுவது. குளிர் பொறுக்காமல் நெருப்புக் கேட்டவர் ஜன்னலைத் திறந்துவைத்துத் தூங்குவார் என்று எதிர்பார்ப்பதில் நியாயமில்லை. அரையடி திறந்த ஜன்னல் ஒரு கிலோ கரிக்கு ஈடுகொடுக்கும் என்பதற்கும் உறுதியில்லை. இந்த வாயு காற்றைவிடச் சற்றே இலேசானது, ஏறக்குறைய அதே எடை. கீழே தங்கவும் செய்யாது, மேலே ஒதுங்கவும் செய்யாது. அறை முழுவதும் சீராகக் கலக்கும். கட்டிலில் படுத்தால் தப்பலாம், தரையில் படுத்தால் தப்பலாம் என்பதெல்லாம் கதை. விதியை எழுதி ஒட்டுவதால் பொறுப்பு விருந்தினர் தலைக்குப் போய்விடாது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவு கவனக்குறைவால் சாவு விளைவித்தவருக்கு ஐந்தாண்டுவரை சிறை என்கிறது. எந்தக் குளிருக்கு எந்த அடுப்பு என்று தெரிந்தவர் நீங்கள், ஓர் இரவுக்கு வந்து போகிறவர் அவர் என்பதையும் வழக்கு பார்க்கும்.

ஆகவே உங்களிடம் கேட்பது இது. கூரையும் சுவரும் உள்ள எந்த இடத்துக்குள்ளும், டென்ட் உட்பட, கரி நெருப்பை அனுப்பாதீர்கள். கேட்டாலும், கூடுதல் பணம் தந்தாலும், ‘பத்து நிமிடம்தான்’ என்றாலும் அனுப்பாதீர்கள். கேம்ப் ஃபயரும் பார்பிக்யூவும் வெளியே நடக்கட்டும்; முடிந்ததும் கங்கைத் தண்ணீர் ஊற்றி அணைத்து, அடுப்பை உங்கள் ஆளே திரும்ப எடுத்துவரட்டும். இரவு அதை விருந்தினர் வாசலில் விட்டுவராதீர்கள். குளிர் கூடும்போது அது உள்ளே போகும். குளிருக்குக் கூடுதல் கம்பளி, வெந்நீர்ப் பை, வயரிங் தாங்குமானால் எண்ணெய் நிரப்பிய மின் ஹீட்டர் கொடுங்கள். மின்சாரம் நின்றால் என்ன செய்வது என்ற கேள்விக்கும் பதில் கம்பளிதான், கரி இல்லை.

கேஸ் கீசரைக் குளியலறைக்கு வெளியே மாற்றுங்கள். குழாயில் வெந்நீர் மட்டும் உள்ளே வரட்டும். ஜெனரேட்டரை அறைகளின் ஜன்னல், காற்றுப் போக்கி எதற்கும் அருகில் வைக்காதீர்கள். கணப்பு எரிக்கும் பங்களா என்றால் சீசனுக்கு முன் புகைபோக்கியை ஆள் வைத்துச் சுத்தம் செய்யுங்கள். செய்ய முடியாவிட்டால் கணப்பை மூடி முத்திரையிட்டுவிடுங்கள். எரிபொருள் எரியும் இடத்துக்குப் பக்கத்தில் உள்ள ஒவ்வொரு படுக்கையறையிலும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று மாட்டுங்கள். கூரையில் இருக்கும் புகை அலாரம் இந்த வாயுவை அறியாது. இது வேறு கருவி. ஐரோப்பியத் தரத்தின்படி, காற்றில் பத்து லட்சத்தில் 50 பங்கு ஒன்றரை மணி நேரம் நீடிப்பதற்குள் அது ஒலிக்க வேண்டும். 300 பங்கு ஆனால் மூன்று நிமிடத்துக்குள் ஒலிக்க வேண்டும். நல்ல காட்டேஜ் ஒன்றின் ஒரு சீசன் இரவு வாடகைக்குள் ஒன்று வாங்கிவிடலாம். அதன் சென்சாருக்கு ஆயுள் சில ஆண்டுகள்தான் என்பதால் பின்புறம் அச்சிட்ட தேதி பார்த்து மாற்ற வேண்டும். வேலையாட்கள் படுக்கும் கொட்டகைக்கும் ஒன்று மாட்டுங்கள். டிரைவர்களுக்குக் கட்டிலும் கம்பளியும் உள்ள ஓர் அறை ஒதுக்குங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் ஓர் இரவு யாராவது மயங்கிக் கிடந்தால், உங்கள் ஆள் செய்ய வேண்டியதை அவன் முன்பே அறிந்திருக்க வேண்டும். கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு, ஆளை வெளியே இழுத்து வர வேண்டும். உள்ளே நின்று முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தால் அவனும் விழுவான். 108க்குச் சொல்லும்போது ‘மயக்கம்’ என்று மட்டும் சொல்லாமல் ‘அறையில் கரியடுப்பு இருந்தது’ என்றோ ‘கீசர் எரிந்தது’ என்றோ சொல்ல வேண்டும். மூச்சு இல்லையென்றால் உதவி வரும்வரை மார்பை அழுத்திக் கொடுக்க வேண்டும். வெறும் காற்றில் இந்த வாயு ரத்தத்தில் பாதியாகக் குறைய நான்கிலிருந்து ஆறு மணி நேரமாகும். முகமூடி வழியே முழு ஆக்சிஜன் கொடுத்தால் ஒன்று, ஒன்றரை மணி நேரம். அழுத்த அறையில் அரை மணிக்குள். அந்த முகமூடி எவ்வளவு சீக்கிரம் வருகிறது என்பதில்தான் மூளையின் எதிர்காலம் இருக்கிறது. ஆம்புலன்ஸில் ஆக்சிஜன் இருக்கும், உங்கள் ஜீப்பில் இருக்காது. அதே அறையில் படுத்திருந்த மற்றவர்கள் ‘எங்களுக்கு ஒன்றுமில்லை’ என்று சொன்னாலும் அவர்களையும் மருத்துவமனைக்கு அனுப்பி ரத்தத்தைச் சோதிக்கச் சொல்லுங்கள். அவர்களில் கர்ப்பிணி இருந்தால் அதை முதலில் சொல்லுங்கள்.

உறைபனி விழத் தொடங்குவது நவம்பர் கடைசியிலிருந்து. அதற்குள் உங்கள் சங்கக் கூட்டங்கள் நடக்கும். அறை வாடகை, பார்க்கிங், பிளாஸ்டிக் தடை எல்லாம் பேசப்படும். அந்தப் பட்டியலில் கரியடுப்பையும் சேர்த்து, அறைக்குள் கொடுப்பதில்லை என்று எல்லோரும் சேர்ந்து ஒரே முடிவாக எடுங்கள். ஒருவர் மறுத்து அடுத்தவர் கொடுத்தால் மறுத்தவருக்குத்தான் வியாபாரம் போகும் என்ற பயம் நியாயமானதே. சேர்ந்து மறுத்தால் அந்தப் பயத்துக்கு இடமில்லை.